வன்னியிலிருந்து கொழும்பு நூதனசாலைக்கு: ரயிலிலும் பஸ்ஸிலும் வான் பிடித்தும் போய்ச்சேர ஒரு முழு வழிகாட்டி

சித்திரம் படிக்கும் பிள்ளைகளையும் அவர்களின் அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து கொழும்பு நூதனசாலைக்குப் பல தடவை போய் வந்திருக்கிறேன். தனியாகப் போய்வந்த குடும்பங்கள் சொன்ன கதைகளையும் கேட்டிருக்கிறேன். எல்லாக் கதையும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறது. வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடத் தொடங்குகிறார்கள். எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது, எந்த பஸ், என்ன சாப்பாடு எல்லாம் சரியாக இருக்கும். நூதனசாலை வாசலுக்கு வந்து நிற்கும்போது மட்டும் கண் திறக்க முடியாத நித்திரை. உள்ளே போன அரை மணியில் வெளியே வந்து மரத்தடியில் சாய்ந்துவிடுவார்கள்.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். காலை 9 மணிக்கு முகம் கழுவி, சாப்பிட்டு, தெளிந்த கண்ணோடு நூதனசாலை வாசலில் நிற்க வேண்டும். அதற்கு முன் எங்கே இருக்க வேண்டும், அதற்கும் முன் எங்கே என்று பின்னோக்கி வாருங்கள். கீழே சொல்லும் ஆயத்தமெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

1. எந்த வாசல் என்று முதலில் தீர்மானியுங்கள்

நூதனசாலை என்று பொதுவாகச் சொல்வது கொழும்பு 7இல், சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் இருக்கும் தேசிய நூதனசாலையை. வெள்ளை நிறத்தில் நீளமான பழைய கட்டடம், வளவுக்குள் பெரிய ஆலமரங்கள். பழைய சிற்பமும் வெண்கலமும் பார்க்க வேண்டுமென்றால் இதுதான் இடம்.

அதன் சுற்றுவட்டத்தில் வேறு வாசல்களும் உண்டு. ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் தேசிய கலைக்கூடம் இருக்கிறது. பார்ன்ஸ் பிளேஸில் சபுமல் மன்றம்: ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு. 1943இல் சேர்ந்த 43 குழு ஓவியர்களின் படங்களை அங்கே வீட்டுச் சுவரில் தொங்குகிறபடியே பார்க்கலாம். கொள்ளுப்பிட்டியில் காலி வீதியில், கிரெஸ்கட் கட்டடத்தில் நவீன, சமகாலக் கலைக்கான அருங்காட்சியகம் நடக்கிறது. அங்கே அனுமதி இலவசம், விளக்கங்கள் தமிழிலும் இருக்கும்.

நாலையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பதுதான் புதியவர்களின் முதல் பிழை. பிள்ளைகளோடு போனால் இரண்டு போதும்: காலையில் தேசிய நூதனசாலை, மத்தியானத்துக்குப் பிறகு சிறியதாக இன்னொன்று.

முடிவெடுத்ததும் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்யுங்கள். சபுமல் மன்றம் வாரத்தில் சில நாட்கள், அதுவும் குறுகிய நேரம்தான் திறக்கும். மற்ற இடங்களும் திருத்த வேலைக்கோ கண்காட்சி மாற்றவோ மூடப்படுவதுண்டு. 300 கிலோமீற்றர் போய்ப் பூட்டைப் பார்க்கக் கூடாது.

2. நாளைத் தேர்ந்தெடுங்கள்

போயா என்ற பௌர்ணமி விடுமுறை நாளையும் அதை ஒட்டிய நீண்ட வார இறுதியையும் விட்டுவிடுங்கள். விடுமுறையில் நூதனசாலை திறக்குமா என்ற கேள்வி ஒரு பக்கம். ரயிலிலும் பஸ்ஸிலும் கால் வைக்க இடமிருக்காது என்பது மறுபக்கம்.

ஜூன் மாதப் பொசன் போயாவைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். நாடு முழுவதிலுமிருந்து சனம் அநுராதபுரத்துக்கு வரும். எங்கள் ரயிலும் பஸ்ஸும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். வெசாக் காலத்தில் கொழும்பிலும் பந்தல் பார்க்கப் பெருஞ்சனம் சேர்ந்து வீதிகள் நெரிசலாகிவிடும். எங்கள் பக்கத்தில் வற்றாப்பளைப் பொங்கல் நேரத்தில் முல்லைத்தீவு பஸ்களும், ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவை ஒட்டி அந்தப் பக்கத்து வண்டிகளும் நிறைந்து வழியும். நல்லூர்த் திருவிழா நாட்களில் கொழும்பிலிருந்து வடக்கே வரும் ரயிலில் சீட் கிடைப்பது கடினம். நீங்கள் வீடு திரும்புவதும் அதே ரயிலில்தான்.

எனக்குப் பிடித்தது காலபோக நெல் வெட்டு முடிந்த பிறகு வரும் வாரங்கள். வீட்டில் கொஞ்சம் காசு இருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். கிழமை நாளாக, செவ்வாய், புதன், வியாழன் என்று பாருங்கள். ஓவியர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு: ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் வருடத்துக்கொரு தடவை 'கலா பொல' என்ற திறந்தவெளி ஓவியச் சந்தை நடக்கும். 1993இல் தொடங்கியது. அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் போகத்தான் வேண்டும்.

3. திரும்பி வரும் டிக்கெட்டை முதலில் பதியுங்கள்

இதைச் சொன்னால் எல்லோரும் புருவத்தை உயர்த்துவார்கள். போகும் வழியில் சீட் இல்லாவிட்டால் பயணத்தை அடுத்த கிழமைக்குத் தள்ளலாம். திரும்பும் வழியில் சீட் இல்லாவிட்டால், நாள் முழுக்க நடந்த பிள்ளைகளோடு கோட்டை மேடையில் நிற்க வேண்டும். அதனால் திரும்பும் நாளையும் ரயிலையும் பிடித்துவைத்துவிட்டு, போகும் டிக்கெட்டுக்கு வாருங்கள்.

ரயில் ஆசனப்பதிவு பயணத்துக்கு 30 நாட்களுக்கு முன் திறக்கும். இணையத்தில் பதியலாம். கிளிநொச்சி, வவுனியா போன்ற நிலையங்களின் கவுண்டரிலும் கேட்கலாம். அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள். அந்த அட்டைக்குரியவரே பயணம் செய்ய வேண்டும், கையில் அட்டையும் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. கொழும்பிலுள்ள மாமாவிடம் சொல்லிப் பதிவிப்பார்கள். அவர் அவசரத்தில் தன் அட்டை இலக்கத்தையே கொடுத்துவிடுவார். ரயிலில் பரிசோதகர் வந்ததும் வாக்குவாதம். யார் பதிந்தாலும், போகிறவரின் இலக்கத்தைக் குறுஞ்செய்தியில் அனுப்பி, பதிந்த டிக்கெட்டைத் திருப்பி வாங்கி எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை முதலில். ரயிலுக்கு மட்டுமல்ல, நூதனசாலையில் உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கூடிய கட்டணம். கனடாவிலிருந்து வந்த சித்தி குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போவதென்றால் அந்தக் காசையும் கணக்கில் எடுங்கள். வாசலில் நின்று பேரம் பேச முடியாது.

பாடசாலைப் பிள்ளைகள் என்றால் அதிபரின் கடிதமும் பெயர்ப் பட்டியலும் வேண்டும். சலுகை பற்றி முன்கூட்டியே கேட்கவும் அதுதான் உதவும்.

சில்லறைக் காசு. கொழும்பு நகர பஸ்ஸில் 5000 ரூபாய்த் தாளை நீட்டினால் கொண்டக்டர் முகத்தைச் சுழிப்பார், அவர் மேல் பிழையில்லை. நூறும் ஐம்பதுமாகத் தனியாக ஒரு சிறு பையில் வையுங்கள்.

ஆளுக்கு ஒரு சிறிய பை, அவ்வளவுதான். பெரிய பை கொண்டு வந்தால் நகர பஸ்ஸில் ஏற முடியாது, நூதனசாலைக்குள்ளும் தூக்கித் திரிய முடியாது. தண்ணீர்ப் போத்தல், சிறிய துவாய், பல் தூரிகை, மாற்றுச் சட்டை. பிள்ளைகளுக்கு ஒரு கொப்பியும் பென்சிலும். இரவு ரயிலிலும் ஏசி பஸ்ஸிலும் குளிரும். எங்கள் வெயிலில் வளர்ந்தவர்கள் அதை எதிர்பார்க்க மாட்டார்கள், அதனால் ஒரு போர்வைத் துணியும் வேண்டும்.

5. வீட்டிலிருந்து ரயில் பாதை வரை

வன்னியில் ரயில் பாதை ஏ9 வீதியை ஒட்டியே ஓடுகிறது: பரந்தன், கிளிநொச்சி, முறிகண்டி, மாங்குளம், புளியங்குளம், ஓமந்தை, வவுனியா. வீதியிலிருந்து உள்ளே இருப்பவர்களுக்கு இந்தப் பாதைக்கு வந்து சேர்வதே பயணத்தின் முதல் பாதி.

முல்லைத்தீவு, ஒட்டுசுட்டான் பக்கத்தவர்கள் மாங்குளத்துக்கு வரலாம். முல்லைத்தீவிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர். புதுக்குடியிருப்பு, விசுவமடுக்காரர்களுக்குப் பரந்தன் சுகம். நெடுங்கேணியிலிருந்து புளியங்குளம். செட்டிகுளம், மன்னார் பக்கத்துக்கு மதவாச்சியிலிருந்து தலைமன்னார் போகும் தனிப்பாதை இருக்கிறது. அதில் ஓடும் ரயில்கள் குறைவு என்பதால் வவுனியாவுக்கோ மதவாச்சிக்கோ பஸ்ஸில் வருவதே பலருக்கு வசதி.

எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்பதில்லை. வேகமாகப் போகும் இன்டர்சிட்டி சிறிய நிலையங்களைத் தாண்டிவிடும். டிக்கெட் பதியும்போதே ஏறும் நிலையத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மாங்குளத்தில் நின்றுகொண்டு, நிற்காத ரயிலுக்குக் கைகாட்டிய குடும்பத்தை எனக்குத் தெரியும்.

இரவு ரயில் என்றால் கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம். உள்வீதிகளில் பின்னேரத்தோடு பஸ் குறைந்துவிடும். இருட்ட முன்னரே மாங்குளத்துக்கோ கிளிநொச்சிக்கோ வந்து, சாப்பிட்டுக் காத்திருங்கள். இரண்டு மணி நேரம் வீண் என்று தோன்றும். ஒட்டுசுட்டானில் பழுதாகி நிற்கும் பஸ்ஸுக்குள் இருந்து ரயில் நேரத்தைப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

6. ரயிலில் போவது

இரண்டு முறை உண்டு. ஒன்று இரவுத் தபால் ரயில்: மாலையில் காங்கேசன்துறையில் வெளிக்கிட்டு, இரவில் வன்னியைக் கடந்து, விடியுமுன் கொழும்பு கோட்டைக்குப் போகும். மற்றது காலையில் வெளிக்கிடும் யாழ்தேவி போன்ற பகல் ரயில். அதில் போனால் பின்னேரமளவில் கொழும்பு. கிளிநொச்சியிலிருந்து ஏழெட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் முடிவு தெளிவானது. வயதானவர்களோ பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோ இருந்தால் பகல் ரயிலில் போய், ஓர் இரவு தங்கி, அடுத்த நாள் காலை நூதனசாலைக்குப் போங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு உறவுக்காரர் இல்லாத வன்னிக் குடும்பம் குறைவு. இளையவர்கள் மட்டும் என்றால் இரவு ரயில் பரவாயில்லை. தங்கும் செலவு மிச்சம்.

பதிவு செய்யாத மூன்றாம் வகுப்பில் இரவு முழுக்கப் போவதை மட்டும் செய்யாதீர்கள். யாழ்ப்பாணத்திலேயே சீட் நிறைந்துவிடும், கிளிநொச்சியில் ஏறுபவர்கள் அநுராதபுரம் வரை நிற்க நேரும். அந்தக் காலோடு நூதனசாலை மண்டபங்களில் நடக்க முடியாது. குழுவாகப் போகும்போது வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இந்தச் சீட்டுக் காசில் பிடிக்க மாட்டேன்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். இடியப்பமும் சம்பலும் விடியும்போது புளித்துவிடும். புட்டு, ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம் தாங்கும்.

ரயில் ஓடும் நாட்களும் நேரமும் பாதை வேலைகளால் மாறுவதுண்டு. வெளிக்கிடும் நாள் காலையிலும் நிலையத்துக்கு ஒரு தடவை அழைத்துக் கேளுங்கள்.

7. பஸ்ஸில் போவது

ரயிலில் சீட் கிடைக்காவிட்டால் பஸ். யாழ்ப்பாணம் - கொழும்பு 87ஆம் இலக்க பஸ்கள் ஏ9இல் கிளிநொச்சி, மாங்குளம், வவுனியாவைத் தொட்டுப் போகும். முல்லைத்தீவிலிருந்தும் நேரடியாக ஓடும் பஸ்கள் உண்டு. இ.போ.ச. என்ற அரச பஸ் மலிவு, நின்று நின்று போகும். தனியார் இரவு பஸ்ஸில் சாய்மனைச் சீட், முன்பதிவு. யாழ்ப்பாணத்தில் நிறைந்து வருவதால் வழியில் ஏறுபவர்கள் சீட் இலக்கத்தைத் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பஸ்காரரிடம் இரண்டு கேள்வி. எந்த வழியால் போகும்? புத்தளம், நீர்கொழும்பு வழியா, தம்புள்ளை, குருநாகல் வழியா? இது சாப்பாட்டுக்கும் மலசலகூடத்துக்கும் எங்கே நிறுத்துவார்கள் என்பதைத் தீர்மானிக்கும். முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லோரும் இறங்கிக் கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்குவார்கள். அங்கேயே பிள்ளைகளையும் போய்வரச் சொல்லுங்கள், அடுத்த நிறுத்தம் நெடுந்தூரம்.

இரண்டாவது கேள்வி, கடைசியாக எங்கே இறக்குவீர்கள்? சில பஸ்கள் புறக்கோட்டையோடு முடியும். சில வெள்ளவத்தை வரை போகும். ஒரு தடவை நான் இதைக் கேட்காமல் ஏறினேன். அதிகாலை நாலரைக்கு, பன்னிரண்டு பிள்ளைகளோடு, எங்களைப் பேலியகொடையில் வீதியோரமாக இறக்கிவிட்டு பஸ் போய்விட்டது. இருட்டில் லொறிகள் உறுமிக்கொண்டு போக, பிள்ளைகள் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றிலிருந்து காசு கொடுக்கும் முன் இறக்கும் இடத்தைக் கேட்டு, டிக்கெட்டின் பின்பக்கம் எழுதுவிக்கிறேன்.

8. வான் பிடித்துப் போவது

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால், அதிலும் நடக்கக் கஷ்டப்படும் ஆச்சி அப்புமார் இருந்தால், வான்தான் சரி. நூதனசாலை வாசலிலேயே இறங்கலாம்.

ஒரே சாரதி இரவு முழுக்க ஓடி, பகலில் வானுக்குள் கொஞ்சம் கண்ணயர்ந்து, மறுபடி இரவு ஓடித் திரும்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. இதற்கு உடன்படாதீர்கள். இரவில் ஏ9இல் மாடுகள் நடு வீதியில் படுத்திருக்கும். காட்டோர வீதிகளில் யானையும் குறுக்கே வரும். அரை நித்திரையில் பிரேக் பிடிக்க முடியாது. இரண்டு சாரதிகளைக் கேளுங்கள், அல்லது விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டுப் பகலில் போய்த் தங்குங்கள்.

புத்தளம் வழியாகப் போனால் கட்டுநாயக்கவிலிருந்து பேலியகொடை வரையிலான அதிவேகப் பாதை 26 கிலோமீற்றர் அளவு. கட்டணம் உண்டு, காலை நெரிசலில் அது பெரிய ஆறுதல். எரிபொருள், பாதைக் கட்டணம், சாரதியின் சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் யார் பொறுப்பு என்பதைப் பேசி எழுதிவைத்துவிட்டு ஏறுங்கள்.

9. விடியுமுன் போய்ச் சேர்ந்தால்

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். ரயில் நிற்பது 'கோட்டை' நிலையம். ஆனால் வெளியே வந்தால் நீங்கள் நிற்பது புறக்கோட்டைக் கடைத்தெருவின் ஓரத்தில். பஸ் நிலையங்களும் அருகிலேயே. வந்து அழைத்துப்போகிறவரிடம் 'கோட்டை ரயில் நிலைய முன்வாசல், ஒல்கொட் சிலையடி' என்று சொன்னால் தேட மாட்டார்.

ஐந்து மணிக்கு இறங்கினால் நூதனசாலை திறக்க நாலு மணி நேரம் இருக்கிறது. இந்த நாலு மணி நேரத்தைத் திட்டமிடாமல் வருவதுதான் இரவுப் பயணத்தின் பெரிய குறை. மேடையில் பைகளின் மேல் சாய்ந்திருந்தால் களைப்பு இரட்டிக்கும்.

நான் செய்வது இது. உறவுக்காரர் வீடு இருந்தால் நேரே அங்கே போய்க் குளித்து ஒரு மணி நேரம் படுப்பது. இல்லாவிட்டால் நிலையத்தில் முகம் கழுவி, பெரிய பைகள் இருந்தால் நிலையத்தின் பொதிகள் வைக்கும் அறையில் கொடுத்துவிட்டு, வெளிச்சம் வந்ததும் காலிமுகத்திடலுக்குப் போவது. கடற்காற்று பிள்ளைகளை எழுப்பிவிடும். எட்டு மணிக்கு ஒரு சைவக் கடையில் இருந்து சாப்பிடுவது. தோசை, வடை, சூடான தேத்தண்ணி. நின்றபடி கடிப்பது சாப்பாடல்ல. பத்து நிமிடமாவது முதுகைச் சாய்த்து இருந்தால்தான் அடுத்த மூன்று மணி நேரம் நிற்க முடியும்.

10. கோட்டையிலிருந்து நூதனசாலை வாசலுக்கு

தூரம் ஏறக்குறைய நாலு கிலோமீற்றர். நாலு வழி சொல்கிறேன்.

பஸ்: புறக்கோட்டையிலிருந்து மகரகமை பக்கம் போகும் 138. நகர மண்டபத்தைக் கடந்து நூதனசாலைப் பக்கமாகப் போகும். ஏறும்போதே கொண்டக்டரிடம் இறங்கும் இடத்தைச் சொல்லுங்கள். தமிழ் தெரியாதவர் என்றால் 'மியூசியம் எக லங்க பஹின்ன ஓனே' என்றால் போதும். வெள்ளைக் குவிமாடத்தோடு நகர மண்டபம் தெரிந்ததும் எழுந்து வாசலுக்கு வாருங்கள். கொழும்பு பஸ்கள் முழுதாக நிற்பதில்லை, பிள்ளைகள் சீட்டிலிருந்து எழுந்து வருவதற்குள் பஸ் கிளம்பிவிடும். கூட்டத்தைப் பிரித்து முன் வாசலால் பாதி, பின் வாசலால் பாதி ஏற வேண்டாம். ஒருவர் இறங்காமல் போய்விடுவார்.

இறங்கிய உடனே, திரும்பும் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டுவையுங்கள். அந்தப் பகுதியில் ஒருவழிப் பாதைகள் இருப்பதால் எதிர்ப்பக்கத்தில் நின்றால் வரும் என்று நினைக்கக் கூடாது.

ஓட்டோ: மூன்று பேருக்கு இதுதான் சுகம். மீற்றர் போடும் ஓட்டோ, அல்லது கைப்பேசியில் பிக்மீ செயலி. நிலைய வாசலில் வந்து கையைப் பிடித்து இழுப்பவரிடம் ஏறாமல் கொஞ்சம் வெளியே நடந்து வந்து பிடியுங்கள். பழைய சாரதிகளுக்கு ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்றால் தெரியாமலிருக்கும், 'கிரீன் பாத்' என்றால் உடனே புரியும். கொழும்பில் வேறு நூதனசாலைகளும் இருப்பதால், 'மியூசியம்' என்பதோடு விகாரமகாதேவி பூங்கா, பொது நூலகம் என்ற இரண்டு அடையாளங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கரையோர ரயில்: கோட்டையிலிருந்து தெற்கே போகும் ரயிலில் கொம்பனித்தெருவுக்கு அடுத்தது கொள்ளுப்பிட்டி. கடலை ஒட்டி ஓடும் சிறிய தூரம், எங்கள் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு காட்சி. அங்கிருந்து இரண்டு கிலோமீற்றர் அளவு நடை, அல்லது சின்ன ஓட்டோ ஓட்டம். வெயிலில் ஆச்சிமாரை நடக்க வைக்காதீர்கள்.

வெள்ளவத்தையில் தங்கியிருந்தால் கோட்டைக்கு வரத் தேவையே இல்லை. காலி வீதியில் 100, 101 பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிச் சந்தி வரை வந்து, அங்கிருந்து ஓட்டோ. ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் பாடசாலை, அலுவலக நெரிசல் உச்சத்தில் இருக்கும், அரை மணி கூடுதலாக வையுங்கள்.

11. உள்ளே போனதும்

வாசலைத் தாண்டினால் முன் மண்டபத்தில் அநுராதபுரத்துத் தொலுவில புத்தர் சிலை. எல்லோருக்கும் கைப்பேசி கைக்கு வருவது இங்கேதான். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது இந்த நாட்டில் குற்றமாகவே பார்க்கப்படும். பிள்ளைகளுக்கு இதை வெளியே வைத்தே சொல்லிவிடுங்கள். படம் எடுக்கலாமா, தனிக் கட்டணமா என்று டிக்கெட் கவுண்டரில் கேளுங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

கீழ்த்தளத்தை முதலில் பாருங்கள், மேல்தளம் பிறகு. கண் புதிதாக இருக்கும்போது பார்க்க வேண்டியவை கீழேதான் இருக்கின்றன. பொலன்னறுவை வெண்கலங்களுக்கு நேரத்தை வைத்திருங்கள். நடராசர், பார்வதி, நாயன்மார். அவர்களுக்கிடையில் காரைக்காலம்மையார், எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கிறார். போன தடவை ஒரு சின்னப் பெட்டை அதன் முன்னால் நெடுநேரம் நின்றாள். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக விரலால் காற்றில் எண்ணினாள். 'ரீச்சர், இவ எங்கட அம்மம்மா மாதிரி இருக்கிறா' என்றாள். பிறகு தரையில் இருந்து கொப்பியை விரித்தாள். அந்தப் பிள்ளை நித்திரையில்லாமல் வந்திருந்தால் அதைக் கடந்து போயிருப்பாள்.

காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டையும் விட்டுவிடாதீர்கள். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில், 1409ஆம் ஆண்டு என்று பொறித்த கல். சீனத் தளபதி செங் ஹேயின் பயணத்தோடு வந்தது. தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கான காணிக்கைகளைச் சொல்கிறது. எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, பக்கவாட்டில் நின்று பார்த்தால் கொஞ்சம் தெளியும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே வந்து ஆலமரத்தடியில் இருங்கள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி போகலாமா என்று வெளியே வரும் முன்னரே வாசலில் கேளுங்கள், டிக்கெட்டைக் கிழித்து எறியாதீர்கள்.

12. பின்னேரமும் திரும்பும் வழியும்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொள்ளுப்பிட்டி அருங்காட்சியகம் பொருத்தம். குளிரூட்டிய இடம், அளவும் சிறியது, அதைப் பார்த்துவிட்டு ரயில் நிலையத்துக்கு நடக்கலாம். ஐந்து மணிக்குப் பிறகு வீதியில் வாகனம் நகராது. அந்த நேரத்தில் கோட்டையிலிருந்து வெளியே போகும் ரயில்கள்தான் நெரியும், கோட்டைக்குள் வரும் ரயிலில் இடம் இருக்கும். அதனால் திரும்பும்போது பஸ்ஸை விட்டுக் கரையோர ரயிலையே எடுங்கள்.

இரவு ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன் கோட்டைக்கு வந்து, மேடை இலக்கத்தைப் பலகையில் பார்த்து, மறுபடி ஆளிடமும் கேளுங்கள். கடைசி நேரத்தில் மேடை மாறுவதுண்டு, அறிவிப்பு சத்தத்தில் கேட்காது.

ரயில் ஏறியதும் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். வன்னி நிலையங்களில் ரயில் நடுச்சாமம் தாண்டித்தான் நிற்கும், அதுவும் ஒன்றிரண்டு நிமிடம். இருட்டில் பெயர்ப்பலகை தெரியாது. பெரியவர்கள் இருவர் மாறி மாறி விழித்திருக்க வேண்டும். மதவாச்சி தாண்டியதும் பைகளை இறக்கி, வவுனியாவில் பிள்ளைகளை எழுப்பிச் சப்பாத்துப் போடச் சொல்லுங்கள். மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு போக வேண்டியவர்கள் அந்த நேரத்தில் பஸ்ஸை எதிர்பார்க்க முடியாது. தெரிந்த ஓட்டோக்காரரிடம் முதல் நாளே பேசிவைத்து, ரயில் வவுனியாவை விட்டதும் அவருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். நீங்கள் மேடையில் இறங்கும்போது அவர் வெளியே விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்பார்.